தோப்பை விற்காமல் ஐரோப்பாவில் படிக்க

காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா கேட்கிறார்: கணவர் பக்கவாதத்தில் படுத்து எட்டு மாதம் ஆகிறது. பாகப்பிரிவினைச் சண்டை வேறு. மகள் பி.எஸ்சி. உணவு அறிவியல் கடைசி வருஷம், வெளிநாட்டில் மேலே படிக்க ஆசை. கொழுந்தனார் லண்டனில் ஒரு வருஷ எம்.பி.ஏ.வுக்கு ஏஜென்சி பிடித்துவிட்டார். மொத்தம் 22 லட்சம். இரண்டு ஏக்கர் மாந்தோப்பை அடமானம் வைப்பதா, விற்பதா?

இரண்டும் வேண்டாம், அம்மா. உங்கள் பயம் புரிகிறது. ஆனால் ஆறுதலைவிடக் கணக்குதான் இப்போது உதவும். விவசாய நிலத்தைக் கல்விக் கடனுக்கு ஈடாக வங்கிகள் பெரும்பாலும் ஏற்பதில்லை. அப்புறம் வெளிக்கடன்தான். நூற்றுக்கு இரண்டு வட்டி என்றால் மாதம் 44,000 ரூபாய். பெண் படித்து முடிக்கும் முன்பே வட்டி மட்டும் 5,28,000. படிப்புக்குப் பின் பிரிட்டனில் தங்கி வேலை தேடும் காலமும், 2027 ஜனவரியிலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கு இரண்டு வருஷத்திலிருந்து 18 மாதமாகக் குறைகிறது. கடிதத்தின் கடைசி வரியில், 'மகளுக்கு எம்.பி.ஏ.வில் மனசு இல்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். அது முதல் வரியில் இருந்திருக்க வேண்டியது.

ஊரில் எல்லோரும் சொல்லும் வழிகளை விடுகிறேன். யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது: எராஸ்மஸ் முண்டஸ். ஐரோப்பிய ஒன்றியம் பணம் தரும் கூட்டு முதுநிலைப் படிப்பு. குறைந்தது இரண்டு நாடுகளில் படிக்க வேண்டும். உதவித்தொகை கிடைத்தால் படிப்புக் கட்டணம் கிடையாது, காப்பீடு அவர்கள் பொறுப்பு, மாதம் 1,400 யூரோ கைக்கு வரும். இரண்டு வருஷத்துக்கு 33,600 யூரோ. பயணம், விசா, சாப்பாடு, அறை வாடகை எல்லாம் அதிலிருந்துதான். விண்ணப்பக் கட்டணமும் இல்லை. ஏஜென்சிக்குக் கமிஷன் இல்லாத இடம்; அதனால்தான் உங்கள் காதுக்கு வரவில்லை.

பெரும்பாலான படிப்புகளுக்கு அக்டோபரில் விண்ணப்பம் திறந்து ஜனவரியில் மூடும். முடிவு வசந்த காலத்தில், வகுப்பு செப்டம்பரில். கடைசி வருஷ மாணவியும் விண்ணப்பிக்கலாம். எந்தப் படிப்புக்கு இந்த வருஷம் உதவித்தொகை உண்டு என்பது மாறிக்கொண்டே இருக்கும். அதிகாரப்பூர்வப் பட்டியலை மட்டும் பாருங்கள். மூன்று வருஷப் பட்டம் போதுமா என்பதையும் அந்தந்தப் படிப்பின் பக்கத்தில் பார்த்த பிறகே நேரம் செலவழியுங்கள்.

இனி மகளுக்கு. நம் ஊர்ப் பிள்ளைகள் முதலில் வழுக்குவது பெயரில். மதிப்பெண் பட்டியலில் 'எஸ். நித்யா', பாஸ்போர்ட்டில் 'நித்யா சேகர்' என்று இருந்தால் இருவரும் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரத்தை நோட்டரியிடம் இப்போதே வாங்கிவிடு. பாஸ்போர்ட் இன்னும் எடுக்கவில்லையென்றால் குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விடாதே, இனிஷியலை விரித்து எழுது. பரிந்துரைக் கடிதம் பொதுவாக இரண்டு. பேராசிரியர் கல்லூரி மின்னஞ்சலிலிருந்து அனுப்பினால் மதிப்பு அதிகம். டிசம்பர் கடைசியில் போய் நிற்காதே, தேர்வு நேரத்தில் அவர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது.

அந்தப் படிப்பு ஏன் வேண்டும் என்று நீ எழுதும் விருப்பக் கடிதத்தை அப்பாவின் நோயில் ஆரம்பிக்காதே. அம்மா சீசனுக்கு மாங்கூழ் ஆலைக்குப் போகிறார் அல்லவா? அங்கே பெங்களூரா பழக் கூழுக்கு 14 பிரிக்ஸ் (கூழில் கரைந்திருக்கும் சர்க்கரையின் அளவு) ஏன் பார்க்கிறார்கள், பிழிந்த பின் தோலும் கொட்டையும் எங்கே போகின்றன, அதில் நீ என்ன செய்து பார்க்க நினைக்கிறாய் என்று எழுது. அதைப் போல் எழுத வேறு யாராலும் முடியாது. குடும்பக் கஷ்டம் கடைசியில் இரண்டு வரி போதும்.

அம்மா, இதிலும் ஒரு பள்ளம் உண்டு. முதல் மாதத் தொகை, பெண் அங்கே போய்ச் சேர்ந்து பதிவு செய்து வங்கிக் கணக்கு திறந்த பிறகுதான் வரும், சில வாரம் ஆகலாம். விசா, டிக்கெட், அறை முன்பணம் எல்லாம் சேர்த்து இரண்டிலிருந்து இரண்டரை லட்சம் கையில் வேண்டும். நான்கு லட்சம் வரை ஈடு இல்லாத கல்விக் கடன் வாங்கலாம், இணைக் கடன்தாரராக நீங்களே கையெழுத்திடலாம். மகளிர் குழுக் கடனில் தவணை பாக்கி இருந்தால் சிபிலில் (வங்கிகள் பார்க்கும் கடன் வரலாற்றுப் பதிவு) தெரிந்துவிடும், முதலில் அதைக் கட்டி முடியுங்கள். முதல் ஆறு மாதம் மகளிடமிருந்து வீட்டுக்குப் பணம் எதிர்பார்க்காதீர்கள்.

போட்டி கடுமை என்பதை மறைக்கவில்லை. சில சமயம் உதவித்தொகை இல்லாமல் இடம் மட்டும் தருவார்கள். 'இடம் கிடைத்துவிட்டதே' என்று உறவு முழுக்கக் குதிக்கும். அதை ஏற்கவே கூடாது. கிடைக்காத வருஷத்தில் பக்கத்துக் கூழ் ஆலையின் தரப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்துவிட்டு, அந்த அனுபவத்தோடு அடுத்த அக்டோபரில் மறுபடி போடட்டும். அதற்குள் கொழுந்தனார் தோப்புக்கு ஆள் கூட்டி வந்தால் அட்வான்ஸ் கை நீட்டி வாங்கிவிடாதீர்கள்.