நான் வரைவது எந்தப் பாணி சார்?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் ஞாயிறு ஓவிய வகுப்புக்கு வருபவர்களும், பக்கத்துத் தோட்டங்களில் இருந்து படம் அனுப்புகிறவர்களும் கேட்டவற்றில் சில. நான் ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியன், தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: சார், நான் கடைகளுக்கு போர்டு எழுதுகிறவன். இரவில் மிச்ச எனாமல் பெயிண்டில், பலகையில் படம் வரைவேன். விடியுமுன் தலைவிளக்கோடு ரப்பர் பால் வெட்டப் போகும் அம்மா, பால் பிடிக்கும் மங்கு, தோட்டத்து லயத்து வீடுகள். மண்ணுக்கு ஊதா, முகத்துக்குப் பச்சை, எல்லாவற்றையும் சுற்றித் தடித்த கறுப்புக் கோடு. ஒருவர் இம்ப்ரெஷனிசம் என்கிறார், இன்னொருவர் மாடர்ன் ஆர்ட் என்கிறார். கண்காட்சி விண்ணப்ப பாரத்தில் 'பாணி' என்று ஒரு கட்டம் இருக்கிறது. என்ன எழுத?

பதில்: தம்பி, 'மாடர்ன் ஆர்ட்' என்பது புரியாத படத்துக்கெல்லாம் நம் ஊரில் சொல்லும் பேர். அதை விடுங்கள். இம்ப்ரெஷனிசமும் இல்லை. அவர்கள் வெளிச்சத்தின் பின்னால் ஓடியவர்கள். கறுப்பைக் கூடியவரை ஒதுக்கி, வெளிக்கோடு போடாமல், நிறத்தைச் சின்னச் சின்னத் தீற்றலாக வைத்தார்கள். உங்கள் படத்தில் கோட்டை எடுத்துவிட்டால் அம்மாவே கலைந்துபோவார்.

கிட்டத்து உறவு எக்ஸ்பிரஷனிசம். கண் பார்த்த நிறத்தை விட்டுவிட்டு மனசுக்குப் பட்ட நிறத்தை வைப்பது. பிரான்சில் ஜார்ஜ் ரூவோ என்று ஒரு ஓவியர். சிறுவயதில் வண்ணக் கண்ணாடி ஜன்னல் செய்யும் பட்டறையில் தொழில் பழகியவர். கண்ணாடித் துண்டுகளைப் பிடித்துவைக்கும் ஈயப்பட்டை போலவே பிற்பாடு அவர் ஓவியங்களில் கறுப்புக் கோடு வந்தது. உங்கள் கோடு எங்கிருந்து வந்தது? எழுத்துக்கு அவுட்லைன் இழுத்து இழுத்துப் பழகிய கை அது. பலர் அதை மறைக்கப் பார்ப்பார்கள், நீங்கள் மறைக்காதீர்கள்.

பாரத்தில் 'எக்ஸ்பிரஷனிச உருவ ஓவியம், பலகையில் எனாமல்' என்று எழுதுங்கள், போதும். ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன்: நீங்கள் அனுப்பிய ஐந்தில் கோயில் திருவிழாப் படத்தில் மட்டும் கோடு மெலிந்து, முகமெல்லாம் போட்டோ போல வழவழவென்று இருக்கிறது. யாருக்கோ பயந்து வரைந்த மாதிரி. அதை அனுப்ப வேண்டாம்.

கேள்வி: பேரே இல்லாமல் வரையக்கூடாதா?

பதில்: தாராளமாக. பேர் வைத்தவர்களில் பாதிப் பேர் திட்டியவர்கள்தாம். 1874இல் ஓவியர் மோனேயின் சூரியோதயப் படத்தைக் கிண்டலடித்து லூயி லெருவா என்ற விமர்சகர் எழுதிய கட்டுரையால் பரவியது 'இம்ப்ரெஷனிஸ்ட்'. 1905இல் ஓவியர் மத்தீஸ் கூட்டத்தாரை வோசெல் என்ற விமர்சகர் 'காட்டு விலங்குகள்' என்றார், அதற்கான பிரெஞ்சுச் சொல்லிலிருந்து ஃபாவிசம் என்ற பேர் பிறந்தது.

கேள்வி: நான் செம்பனைக் காடும் ரப்பர் மரமும் வரைகிறேன். அப்படியானால் நன்யாங் பாணிதானே?

பதில்: இல்லைம்மா. எதை வரைகிறோம் என்பது வேறு, எப்படி வரைகிறோம் என்பது வேறு. நன்யாங் ஓவியர்கள் சீன மைத்தூரிகை மரபையும் பாரிஸ் எண்ணெய் ஓவியத்தையும் இந்த வட்டாரக் காட்சிகளில் கலந்தார்கள். சிங்கப்பூரில் 1938இல் தொடங்கிய நன்யாங் கலைக்கழகத்தைச் சுற்றி வளர்ந்தது அது. லியு காங், சியோங் சூ பியெங் உள்ளிட்ட நால்வர் 1952இல் பாலித் தீவுக்குப் போய் வந்த பயணம் அதில் முக்கியம். உங்கள் நீர்வண்ணத்தில் அந்தக் கலப்பு இல்லை. அது கண்டதைக் கண்டபடி வரையும் நல்ல இயல்புவாதம், அதற்கென்ன குறைச்சல்?

நமக்கு நெருக்கமாகப் பார்க்க ஓவியர் சையத் தாஜுதீன் இருக்கிறார். தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஓவியக் கல்லூரியில் படித்த மலேசியர். அவருடைய பெண்ணுருவங்களின் நெளிவில் அஜந்தா தெரியும்.

கேள்வி: அப்பா வரைந்த முருகன் படங்களைப் பரணில் வைத்திருக்கிறேன். 'வெறும் காலண்டர் படம்' என்கிறான் மகன்.

பதில்: 'வெறும்' என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடச் சொல்லுங்கள் ஐயா. காலண்டர் ஓவியம் ஒரு மரபு. கோவில்பட்டியில் இருந்த கொண்டையராஜு சென்னையில் முறையாக ஓவியம் படித்தவர், நாடகத்துக்குத் திரைச்சீலை வரைந்தவர், பிறகு காலண்டர் சாமிகளுக்கு முகம் கொடுத்தவர். லயத்து வீடுகளின் சாமி மேடையில் தொங்கியதும் அந்த வழி வந்த படங்கள்தாம். பரணில் கரையான் வரும், முதலில் கீழே இறக்குங்கள்.

கேள்வி: போனில் ஒரு ஆப் பாணியைச் சொல்கிறதே, நம்பலாமா?

பதில்: என்னுடைய ஒரே படத்தைக் காலை, மதியம், டியூப் லைட் என மூன்று தடவை எடுத்துக் கொடுத்தேன். ஆப் மூன்று வெவ்வேறு பாணிகளின் பேரைச் சொன்னது. கரண்ட் போனதால் நாலாவது தெரியவில்லை.