கார் ஹீட்டரில் சத்தமும் கருகல் வாடையும்: கேள்வி பதில்

டொராண்டோ வட்டாரத்தில் முதல் குளிர் இறங்கியதும் எல்லோரும் ஒரே வாரத்தில் ஹீட்டரைப் போடுகிறார்கள். அந்த வாரம் வரும் கேள்விகள் பெரும்பாலும் "ஏதோ கருகுது அண்ணா" என்பதோடு நின்றுவிடும். அதை வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாது. மூன்று காரியம் செய்து பார்த்துவிட்டு எழுதுங்கள். காற்றின் வேகத்தைக் கூட்டிக் குறையுங்கள். சூட்டைக் கூட்டிக் குறையுங்கள். அப்புறம், காருக்குள் வளைந்த அம்பு வரைந்த பொத்தான் இருக்கிறதல்லவா, வெளிக்காற்றை அடைத்து உள்காற்றையே சுற்றவிடுவது, அதை அழுத்திப் பாருங்கள். எதைத் தொட்டால் தொல்லை மாறுகிறதோ அங்கேதான் கோளாறு.

பெட்ரோல் காரில் ஹீட்டருக்கென்று தனி அடுப்பு கிடையாது. இன்ஜினைக் குளிரவைக்கச் சுற்றிவரும் திரவமான கூலன்ட் சூடாகி, டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டர் வழியாகவும் ஓடுகிறது. அதுதான் ஹீட்டர் கோர். ஒரு விசிறி அதன்மேல் காற்றை ஊதுகிறது. காற்று எந்தப் பக்கம், எவ்வளவு சூட்டில் வரவேண்டும் என்பதைச் சில பிளாஸ்டிக் கதவுகள் பார்த்துக்கொள்கின்றன. சரி, கேள்விகளுக்குப் போகலாம். ஒவ்வொன்றின் முன்னாலும் இருப்பது கேட்டவரின் ஊர்.

ஸ்கார்பரோ: இந்தக் குளிருக்கு முதல் முறை ஹீட்டர் போட்டதும் தூசி கருகின மாதிரி வாடை. கொஞ்ச நேரத்தில் போய்விட்டது. பயப்பட வேண்டுமா?

வேண்டாம். கோடை முழுக்க ஹீட்டர் கோரில் படிந்த தூசிதான் அது. ஓரிரு நாளில் நின்றுவிடும். அதற்குள் கேபின் ஃபில்டரை, அதாவது காருக்குள் வரும் காற்றை வடிகட்டுவதை, மாற்றிவிடுங்கள். பெரும்பாலான கார்களில் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும், ஸ்க்ரூ டிரைவர்கூட வேண்டாம். ஒரு வாரம் கழித்தும் வாடை இருந்தால் அது தூசி இல்லை, திரும்ப எழுதுங்கள்.

மார்க்கம்: காரை ஸ்டார்ட் செய்ததும் டாஷ்போர்டுக்குள்ளே டிக் டிக் டிக் என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். சூட்டைக் கூட்டினால் மறுபடியும் வரும். விசிறி வேகத்தை மாற்றினால் சத்தம் மாறவில்லை.

விசிறி வேகத்தை மாற்றினால் இந்தச் சத்தம் மாறவில்லை, சூட்டை மாற்றினால் மட்டும் வருகிறது. பாதி விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள் தம்பி. நான் சொன்ன பிளாஸ்டிக் கதவுகளைத் திருப்ப ஆளுக்கொரு குட்டி மோட்டார் உண்டு, ஆக்சுவேட்டர் என்பார்கள். அதற்குள் இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரத்தில் பல் உடைந்தால், பல் இல்லாத இடத்தில் வழுக்கி வழுக்கி இப்படித் தட்டும். ஆபத்து இல்லை. ஆனால் கதவு பாதி வழியில் நின்றுபோனால் ஓட்டுநர் பக்கம் வெயில், பக்கத்து சீட்டில் பனி என்று ஆகிவிடும். பொருளின் விலை பெரிதல்ல, அது எந்த மூலையில் இருக்கிறது என்பதுதான் கூலியைத் தீர்மானிக்கும். வேலை கொடுக்கும் முன் இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

பிராம்ப்டன்: விசிறி 1, 2, 3-இல் சுற்றவே இல்லை. 4-இல் மட்டும் சுற்றுகிறது. நேற்றிலிருந்து பிளாஸ்டிக் கருகும் வாடையும் வருகிறது.

இதைத் தள்ளிப்போடாதீர்கள். குறைந்த வேகங்களில் மின்சாரம், அதைக் குறைத்து அனுப்பும் ஒரு ரெசிஸ்டர் வழியாகப் போகிறது. உச்ச வேகத்தில் அதைத் தொடாமல் நேராக மோட்டாருக்குப் போகிறது. 4 மட்டும் வேலை செய்கிறது என்றால் ரெசிஸ்டர் போய்விட்டது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். வாடை வருவதால், அதில் செருகியிருக்கும் கனெக்டரும் உருகத் தொடங்கியிருக்கலாம்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ரெசிஸ்டரை மட்டும் மாற்றி அனுப்பிவிடுவார்கள், சில மாதத்தில் புதியதும் கருகும். ரெசிஸ்டர் ஏன் கருகியது என்று கேட்க வேண்டும். மோட்டாரின் புஷ் (அச்சு சுழலும் வளையம்) தேய்ந்து இறுகினால் அது அதிக கரன்ட் இழுக்கும், அந்தச் சூடு முழுக்க ரெசிஸ்டர், கனெக்டர் தலையில் விடியும். இன்னொன்று, ரெசிஸ்டரை வைத்திருப்பதே காற்று போகும் பாதையில்தான், விசிறிக் காற்றே அதைக் குளிரவைக்கட்டும் என்று. கேபின் ஃபில்டர் அடைத்திருந்தால் அந்தக் காற்றும் இல்லை. ஆகவே மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று அளந்து பார்க்கச் சொல்லுங்கள். உருகின கனெக்டரை அப்படியே புதிய ரெசிஸ்டரில் செருக விடாதீர்கள்.

ஃபியூஸ் போய்க்கொண்டே இருக்கிறது என்று பெரிய ஃபியூஸ் போடும் பழக்கம் நம் ஆட்களிடம் உண்டு. வேண்டவே வேண்டாம். ஃபியூஸ் உருகாவிட்டால் ஒயர் உருகும்.

பிராம்ப்டன், மறுபடியும்: எங்கள் இன்னொரு கார் ஆட்டோமேட்டிக் கிளைமேட் வகை. அதிலும் இந்த ரெசிஸ்டர் உண்டா?

பெரும்பாலும் இல்லை. அதில் வேகத்தைக் கட்டுப்படுத்துவது ஒரு டிரான்சிஸ்டர் மாட்யூல். கெட்டுப்போனால் விசிறி தானாகக் கூடிக் குறையும், இல்லாவிட்டால் அடியோடு நின்றுவிடும். வாடையும், மோட்டாரை அளக்க வேண்டும் என்பதும் இரண்டுக்கும் பொது.

மிசிசாகா: ஹீட்டர் போட்டால் ஒருவித இனிப்பு வாடை. கண்ணாடி உள்ளே மங்குகிறது, துடைத்தால் எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி வருகிறது. ஆக்சிலேட்டர் மிதிக்கும்போது டாஷ்போர்டுக்குள் தண்ணீர் ஓடும் சத்தம். மூன்றும் வேறு வேறா?

மூன்றும் ஒன்றுதான் அக்கா. ஹீட்டர் கோர் ஒழுகுகிறது. இனிப்பு வாடை கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைக்காலுடையது. அதன் ஆவிதான் கண்ணாடியில் பிசுக்காகப் படிகிறது. ஒழுகினதால் அளவு குறைந்து உள்ளே காற்று புகுந்திருக்கிறது, அதுதான் கொப்பளிக்கும் சத்தம். பக்கத்து சீட்டின் கால்மிதிக்குக் கீழே கையை விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் வெள்ளை டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். நிறமும் வழவழப்பும் இருந்தால் கூலன்ட். வெறும் தண்ணீர் என்றால் மழைநீர் இறங்குகிறது, அல்லது ஏசி வடிகுழாய் அடைத்திருக்கிறது.

இன்ஜின் முழுக்க ஆறின பிறகு மட்டும் மூடியைத் திறந்து அளவு பாருங்கள். சூட்டில் திறந்தால் கொதிக்கும் கூலன்ட் முகத்துக்கு வரும். குறைந்திருந்தால் உங்கள் காரின் கையேட்டில் சொன்ன வகையை ஊற்றுங்கள், நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். ஊரில் ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றின கை சும்மா இருக்காது, தெரியும். ஆனால் இங்கே பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் சுமார் -37 டிகிரி வரை உறையாது, வெறும் தண்ணீர் சேரச் சேர அந்தக் காவல் போய்விடும். உறைந்தால் இன்ஜின் பிளாக்கே வெடிக்கலாம்.

ஒழுக்கை அடைக்கும் டப்பா மருந்து கடையில் கிடைக்கும். நான் பரிந்துரைப்பதில்லை. ஓட்டையை அடைக்கிறதோ இல்லையோ, ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்களை நிச்சயம் அடைக்கப் பார்க்கும். சரியான வழி கோரை மாற்றுவது. பல கார்களில் டாஷ்போர்டையே கழற்ற வேண்டிய வேலை அது, கூலி சுடும். வீட்டில் நாய், பூனை, சின்னப் பிள்ளைகள் இருந்தால் சிந்தின கூலன்டை உடனே துடையுங்கள். இனிப்பாக இருக்கும், கொடிய விஷம்.

மிசிசாகாவிலிருந்து இன்னொருவர்: எனக்கும் அதே கொப்பளிக்கும் சத்தம். ஆனால் வாடை இல்லை, ஈரமும் இல்லை. கூலன்ட் மட்டும் குறைந்துகொண்டே போகிறது.

அப்படியானால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்பட வேண்டும், இன்ஜினின் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் அடைப்பு அது. அது போய்விட்டால் இன்ஜினுக்குள் எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் புகும். கராஜில் ரேடியேட்டர் வாயில் ஒரு நீலத் திரவத்தை வைத்துச் சோதிப்பார்கள், அது மஞ்சளானால் சந்தேகம் உறுதி. அதற்கு முன்னால் யாரும் ஹீட்டர் கோரை மாற்றச் சொன்னால் கேட்காதீர்கள்.

ஏஜாக்ஸ்: சிக்னலில் நிற்கும்போது மட்டும் எண்ணெய் கருகும் வாடை. ஓடும்போது இல்லை.

உள்காற்றுப் பொத்தானை அழுத்திவிட்டு ஒரு சிக்னலில் நின்று பாருங்கள். வாடை குறைந்தால் ஹீட்டர் நிரபராதி. வெளிக்காற்று வைப்பருக்குக் கீழே இருக்கும் சல்லடை வழியாகத்தான் உள்ளே வருகிறது, இன்ஜினுக்குப் பக்கத்திலேயே. இன்ஜின் மேல்மூடியின் அடைப்பில் (வால்வ் கவர் கேஸ்கெட்) கசியும் ஆயில் சூடான எக்ஸாஸ்ட் மேல் சொட்டிப் புகையும். ஓடும்போது காற்று அதை அடித்துக்கொண்டு போய்விடும், நின்றால் மேலே எழும். சமீபத்தில் ஆயில் மாற்றியிருந்தால், சிந்தின ஆயில் எரிந்து தீர ஓரிரு நாள் கொடுங்கள். புகை கண்ணுக்கே தெரிந்தால் நிறுத்தி இறங்குங்கள், பொத்தான் சோதனை எல்லாம் அப்போது வேண்டாம்.

வாடை பிளாஸ்டிக் மாதிரி இருந்தால் குனிந்து அடியிலும் பாருங்கள். சாலையில் கிடந்த கேரி பேக் சைலன்சரில் ஒட்டி உருகுவது உண்டு.

லண்டன்: கண்ணாடி மங்கலைப் போக்கும் டீஃப்ராஸ்ட் பொத்தானைப் போட்டால் மட்டும் முன்னாலிருந்து கீச்சென்ற சத்தம். ஹீட்டரை மற்றபடி போட்டால் சத்தமே இல்லை.

டீஃப்ராஸ்டில் காற்றை உலர்த்துவதற்காகப் பல கார்களில் ஏசி கம்ப்ரசரும் தானாக ஓடும். குளிரில் ஏசி எதற்கு என்று யாருக்கும் தோன்றாது, அதனால் ஹீட்டர் மேல் பழி. பெல்ட்டையும் கம்ப்ரசர் புல்லி பேரிங்கையும் பார்க்கச் சொல்லுங்கள். ரப்பர் கருகும் வாடையும் சேர்ந்தால் பெல்ட் வழுக்குகிறது என்று அர்த்தம்.

ஒஸ்லோ: புதிதாக வாங்கின பழைய டீசல் காரில் பார்க்கிங் ஹீட்டர் இருக்கிறது. போட்டால் அடியில் டக் டக் என்று தட்டுகிறது, அப்புறம் விமானம் மாதிரி இரைச்சல், வெள்ளைப் புகை. அணைத்துவிட்டேன்.

இதற்கு மட்டும் உண்மையிலேயே தனி அடுப்பு உண்டு. வெபாஸ்டோ, எபர்ஸ்பேச்சர் வகை ஹீட்டர்கள் காரின் டீசலையே எரிக்கின்றன. டக் டக் என்பது சொட்டுச் சொட்டாக டீசல் அனுப்பும் பம்ப், இரைச்சல் எரியறை விசிறி. தொடக்கத்தில் கொஞ்சம் புகை வந்து நின்றால் சரிதான். விடாமல் புகைந்து டீசல் நாறினால் எரியறையில் கரி பிடித்திருக்கும், சுத்தம் செய்ய வேண்டும். மூடின கராஜுக்குள் இதை ஒருபோதும் போடாதீர்கள்.

மாண்ட்ரியல்: டெஸ்லா மாடல் ஒய். கடுங்குளிரில் முன்பக்கம் ஊளையிடுகிறது, ஒருமுறை ஆவி மாதிரி வந்தது. தீயா?

தீ இல்லை. அதில் இருப்பது ஹீட் பம்ப், ஏசியைத் திருப்பிப் போட்ட மாதிரி வெளியிலிருந்து சூட்டை உள்ளே இழுக்கும். குளிரில் கம்ப்ரசர் வேகமாக ஓடும், முன்னால் படிந்த பனியை அதுவே உருக்கும்போது நீராவி எழும். ஆனால் கருகல் வாடை சேர்ந்து வந்தால் மின்கார்களில் நீங்களாக எதையும் பிரிக்காதீர்கள். உயர் மின்னழுத்தம்.

வின்னிபெக்: இரவு பிளாக் ஹீட்டர் (இன்ஜினைச் சூடாக வைக்கும் மின்கருவி) செருகி வைக்கிறேன். காலையில் முன்பக்கம் ரப்பர் கருகின வாடை.

பிளக்கின் கால்களைப் பாருங்கள். கறுத்திருந்தால், ஒயர் விறைத்து வெடித்திருந்தால் இன்றிரவு செருகாதீர்கள். வீட்டுக்குள் பயன்படுத்தும் மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரும் காரணமாக இருக்கலாம், வெளிக்குளிருக்கான தடித்த ஒயர் வாங்குங்கள்.

ஊட்டி: மார்கழியில்தான் ஹீட்டர் போடுவோம். போட்டதும் செத்த வாடை, விசிறியில் கரகரவென்று ஏதோ உரசுகிறது.

எலி. நின்ற காரில் விசிறிக் கூண்டு அதற்கு நல்ல வீடு. விசிறியைப் போடாதீர்கள், உள்ளே இருப்பதை முகத்தில் ஊதும். கேபின் ஃபில்டரையும் விசிறி மோட்டாரையும் கழற்றிக் கூட்டை எடுங்கள். கையுறையும் மாஸ்க்கும் அவசியம், எலி மூத்திரத்தில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். காய்ந்த புழுக்கையைத் துடைப்பத்தால் பெருக்காமல் கிருமிநாசினி தெளித்து நனைத்து அள்ளுங்கள். ஒயர் கடிபட்டிருக்கிறதா என்று பார்க்காமல் மறுபடி ஹீட்டர் போட வேண்டாம். கரகரப்பு மட்டும் இருந்து வாடை இல்லாவிட்டால் வெறும் இலைச்சருகாக இருக்கும்.

ஸ்கார்பரோ: சீட் ஹீட்டர் போட்டால் முதுகுப் பக்கம் கருகல் வாடை.

அணையுங்கள். சீட் ஹீட்டர் ஃபியூஸைக் கழற்றிவிட்டு கராஜுக்குப் போங்கள்.

பிக்கரிங்: ஹீட்டர் போட்டு அரைமணி ஓட்டினால் எனக்கும் மகளுக்கும் தலைவலி. லேசாகச் சைலன்சர் புகை வாடை வருகிற மாதிரி ஒரு சந்தேகம்.

சந்தேகத்தோடு ஓட்டக்கூடாத ஒரே விஷயம் இது. கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது. நீங்கள் முகர்வது புகையில் உள்ள மற்றவை, அவை வந்தால் அதுவும் கூடவே வருகிறது. இன்ஜினுக்கும் சைலன்சருக்கும் நடுவில் எங்கோ ஓட்டை இருக்கலாம். துருப்பிடித்த அடித்தளம் வழியாகவும் உள்ளே ஏறும். காரை ஓட்டாமல் டோ செய்து கொண்டுபோங்கள், எக்ஸாஸ்ட் கசிவுச் சோதனை என்று கேளுங்கள். இருவருக்கும் தலைவலி, குமட்டல், மயக்கம் இப்போதும் இருந்தால் கார் அப்புறம், முதலில் மருத்துவமனை.

பிக்கரிங், மறுபடியும்: போன வாரப் பனிப்புயலில் பின்னால் பனி குவிந்திருந்தது. அதனால் இருக்குமா?

இருக்கலாம். சைலன்சர் வாயைப் பனி அடைத்தால் புகை போக இடமின்றி உள்ளே திரும்பும். ஆனால் பனியை அள்ளின பிறகும் தலைவலி வந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. வந்திருந்தால் நான் சொன்னது அப்படியே நிற்கிறது. வராவிட்டாலும் அந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். இனிமேல் பனி பெய்த காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் சைலன்சர் வாயைச் சுத்தம் செய்யுங்கள், அதற்குள் மகளை உள்ளே உட்காரவைக்க வேண்டாம்.