நட்சத்திர எண்ணிக்கையை நம்பி லைப்ரரி எடுக்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

மென்பொருள் தொடர்பாகக் குமரி மாவட்ட வாசகர்கள் எழுதிய கடிதங்களுக்கு இந்த இதழில் விடையளிக்கிறேன். லைப்ரரி என்று இங்கே சொல்வது, நம் நிரலில் சேர்த்துக்கொள்ளப் பிறர் எழுதி வைத்த ஆயத்த நிரல் தொகுப்பை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, நான் பி.சி.ஏ. மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். என் மாமா குலசேகரம் பக்கத்தில் ரப்பர்பால் வாங்கும் கடை வைத்திருக்கிறார். ஏறத்தாழ இருநூறு விவசாயிகளின் கணக்கு இன்னும் நோட்டில்தான் இருக்கிறது. அதைக் கணினிக்கு மாற்றுவதையே இறுதியாண்டு புராஜெக்டாக எடுத்திருக்கிறேன். நண்பர்கள் ரியாக்ட், மாங்கோடிபி, மைக்ரோசர்வீஸ் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். மழைக்காலத்தில் எங்கள் பக்கம் கரண்டும் நெட்டும் அடிக்கடி போய்விடும். எதைத் தேர்வது?

பதில்: உங்கள் நண்பர்கள் சொன்ன பெயர்களைவிட, கரண்டும் நெட்டும் போய்விடும் என்று நீங்கள் எழுதிய வாக்கியம்தான் தேர்வுக்கு உதவுகிறது. ஒரு கடை, ஒரு கணினி, இருநூறு பேர், நாளொன்றுக்குச் சில நூறு பதிவுகள், அடிக்கடி அறுந்துபோகும் இணையம் என்ற நிலையில் உங்களுக்குத் தேவை எஸ்க்யூலைட். 2000ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளியான இந்தத் தரவுத்தளம் தனி சர்வர் எதுவும் இல்லாமல் ஒரே கோப்பாக இயங்குகிறது. உங்கள் மாமாவின் ஆண்ட்ராய்டு போனுக்குள்ளும் அது ஏற்கெனவே இருக்கிறது. யாருக்கும் உரிமத்தொகை கட்டவேண்டியதில்லை. 2050ஆம் ஆண்டு வரை பராமரிக்கும் எண்ணம் உண்டென்று அதன் ஆக்குநர்கள் அறிவித்திருக்கிறார்கள். பதிவு நடந்துகொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றாலும், பாதியில் நின்ற அந்தப் பதிவை விலக்கிவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்பும்படி அது வடிவமைக்கப்பட்டிருக்கிறது. பைத்தான் நிரல்மொழியைக் கற்றிருந்தால் தனியாக எதையும் நிறுவவேண்டியதில்லை; எஸ்க்யூலைட்டைக் கையாளும் தொகுதி பைத்தானோடு கூடவே வருகிறது.

திரைகளுக்கு, பைத்தானில் வலைப்பக்கங்களை அமைக்க உதவும் ஜாங்கோவை எடுத்துக்கொள்ளலாம். பதிவுகளைச் சேர்க்கவும் திருத்தவும் தேவையான நிர்வாகப் பக்கத்தை அது தானாகவே உருவாக்கித் தருவதால், நீங்கள் கணக்கின் நுணுக்கங்களுக்கு நேரம் ஒதுக்க முடியும். அதில் நீண்டகால ஆதரவு என்று குறிக்கப்பட்ட பதிப்பைத் தேர்ந்தெடுத்தால், அது வெளியான நாளிலிருந்து மூன்றாண்டுகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: யூடியூப் பாடங்களில் எழுத்துருவையும் பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் கோப்பையும் வெளி இணையத்தளத்திலிருந்து இழுக்கும் வரி ஒன்று வழக்கமாக இருக்கும். கல்லூரி ஆய்வகத்தில் அழகாகத் தெரிந்த பக்கம் மாமா கடையில் நெட் போனவுடன் அலங்கோலமாகிவிடுவதற்கு அந்த ஒரு வரி போதும். ஆகவே அக்கோப்புகளைக் கணினியிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நுணுக்கம் என்றேன், அது பால் கணக்கில்தான் இருக்கிறது. 40.5 கிலோ பால், டி.ஆர்.சி. (பாலில் உள்ள உலர் ரப்பரின் அளவு) 35 விழுக்காடு என்றால் உலர் ரப்பர் 14.175 கிலோ. இதை 14.17 என்று எழுதுவதா, 14.18 என்று எழுதுவதா என்பதை எந்த லைப்ரரியும் உங்களுக்குச் சொல்லாது. மாமா இத்தனை நாளும் நோட்டில் எப்படி எழுதி வந்தாரோ அதைக் கேட்டு அப்படியே எழுதுங்கள், ஏனென்றால் விவசாயி நம்புவது அந்தக் கணக்கைத்தான். கணினியின் வழக்கமான தசம எண்களில் 0.1உடன் 0.2ஐக் கூட்டினால் 0.30000000000000004 என்று வருவதை நீங்களே பைத்தானில் தட்டிப் பார்க்கலாம். எனவே எடையைக் கிராமிலும் தொகையைப் பைசாவிலும் முழு எண்களாகச் சேமியுங்கள்; பில்லில் காட்டும்போது மட்டும் கிலோவாகவும் ரூபாயாகவும் மாற்றிக்கொள்ளுங்கள்.

இரண்டு மூன்று கிளைகள் வந்து, பல கணினிகளிலிருந்து ஒரே நேரத்தில் பதியவேண்டிய நிலை ஏற்பட்டால் எஸ்க்யூலைட் போதாது. அதில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும். அப்போது தனி சர்வரில் இயங்கும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்கு மாறிக்கொள்ளலாம். ஜாங்கோவில் எழுதியிருந்தால் அந்த மாற்றம் பெரிய பாடாக இராது. தினமும் கடை அடைக்கும்போது தரவுக்கோப்பை ஒரு பென்டிரைவுக்கு நகலெடுக்கும் ஏற்பாட்டையும் சேர்த்துவிடுங்கள். ஆனால் நிரல் ஓடிக்கொண்டிருக்கையில் கோப்பை நேரடியாகக் காப்பி செய்யாமல், எஸ்க்யூலைட்டிலேயே உள்ள பேக்கப் வசதியைப் பயன்படுத்துங்கள். மென்பொருளைப் பல சிறு சேவைகளாகப் பிரித்து இயக்கும் மைக்ரோசர்வீஸ் பற்றி வாய்மொழித் தேர்வான வைவாவில் கேட்டால், ஒரு கடைக்கு அது தேவையில்லை என்பதற்கான காரணங்களை எடுத்துச் சொல்லுங்கள். கேட்டவருக்கும் அது பிடிக்கும் என்றே நினைக்கிறேன்.

கேள்வி: நாகர்கோவிலில் ஒரு சிறிய மென்பொருள் அலுவலகத்தில் பணிபுரிகிறேன். ஒரு லைப்ரரிக்கு, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் இருபதாயிரம் நட்சத்திரங்கள் இருந்தால் அதை நம்பி எடுக்கலாமா? வேறு எதைப் பார்க்கவேண்டும்?

பதில்: நட்சத்திரம் என்பது ஒருவர் என்றோ ஒருநாள் அந்தப் பக்கத்துக்கு வந்து ஒரு பொத்தானை அழுத்தினார் என்பதற்கான சான்று. அவர் அதைப் பயன்படுத்தினாரா, பயன்படுத்திக் கைவிட்டாரா என்பது அதிலிருந்து தெரியாது. தேதிகளைக் கையாளும் மொமன்ட் என்ற லைப்ரரி மிகப் பெரும் புகழ் பெற்றது. ஆனால் 2020 செப்டம்பரில் அதன் ஆக்குநர்களே, இனிப் புதிய வசதி எதுவும் சேர்க்கப்போவதில்லை என்றும் புதிய பணிகளுக்கு வேறொன்றை எடுத்துக்கொள்ளும்படியும் எழுதிவிட்டார்கள். நட்சத்திரங்கள் அதன் பிறகும் குறையவில்லை. முகப்பு ஆவணத்தை ஐந்து நிமிடம் படித்தவருக்கு மட்டுமே அந்தச் செய்தி கிடைத்தது.

நான் முதலில் பார்ப்பது, பிழை முறையீடுகள் பதியப்படும் பக்கத்தை. எத்தனை முறையீடுகள் நிலுவையில் இருக்கின்றன என்பது பெரிதில்லை. பெரிய கடையில் கூட்டம் இருக்கத்தான் செய்யும். கேட்டவருக்கு யாராவது பதில் சொல்லியிருக்கிறார்களா, சொன்னவர் ஒரே ஆளா, பலரா என்பதே என் கவலை. 2024 மார்ச்சில் வெளிப்பட்ட எக்ஸ்இசட் விவகாரத்தை நினைத்துப் பாருங்கள். பெரும்பாலான லினக்ஸ் அமைப்புகளில் இடம்பெற்றிருந்த ஒரு சிறிய சுருக்கக் கருவியை நெடுங்காலம் ஏறத்தாழ ஒருவரே தம் ஓய்வுநேரத்தில் பராமரித்து வந்தார். உதவ வந்தவர்போல் நடித்த ஒருவர் இரண்டாண்டுகளுக்கும் மேலாக நம்பிக்கையைச் சம்பாதித்து, இறுதியில் அதற்குள் ஒரு கள்ளவழியை வைத்துவிட்டார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி அதிகமாகிறதே என்று ஒரு பொறியாளர் துருவிப் பார்த்ததால்தான் அது பிடிபட்டது. ஒற்றை ஆளின் தோளில் நிற்கும் லைப்ரரியை எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எடுத்தால் அந்த ஆபத்தைத் தெரிந்துகொண்டு எடுங்கள்.

அடுத்து, நீங்கள் எடுக்கும் லைப்ரரி வேறு எத்தனை லைப்ரரிகளை இழுத்து வருகிறது என்பதைப் பாருங்கள். 2016 மார்ச்சில் லெஃப்ட்பேட் என்ற 11 வரி நிரலை அதை எழுதியவர் திரும்பப் பெற்றுக்கொண்டதும், அதன் பெயரையே கேள்விப்படாத எத்தனையோ நிறுவனங்களின் பணிகள் ஒரே நாளில் நின்றன. சொல்லின் இடப்பக்கத்தில் வெற்றிடமோ சுழியமோ சேர்த்து நீளத்தை நிரப்புவதைத் தவிர அது வேறெதுவும் செய்யவில்லை. பத்துப் பன்னிரண்டு வரிகளில் நாமே எழுதிவிடக்கூடியதை வெளியிலிருந்து வாங்காதீர்கள். கடவுச்சொல் காப்பு, பிறர் படிக்க முடியாதபடி தரவை மாற்றும் குறியாக்கம் போன்றவற்றை மட்டும் ஒருபோதும் நீங்களே எழுதாதீர்கள். பயன்படுத்தும் பதிப்பு எண்களைப் பூட்டி வைக்கும் கோப்பையும் நிரலோடு சேர்த்தே பாதுகாத்து வையுங்கள்.

உரிமம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். எம்ஐடி, அப்பாச்சி உரிமங்கள் வாடிக்கையாளர் பணிக்குத் தொல்லை தருவதில்லை. ஜிபிஎல் என்றால், மென்பொருளை வாடிக்கையாளர் கையில் கொடுக்கும்போது மூலநிரலையும் தரவேண்டிய கடமை வரும். அதை ஒப்பந்தத்துக்கு முன்பே பேசிவிடுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான சோதனை, உங்கள் ஊர்ப் பெயரை அந்த லைப்ரரிக்குக் கொடுத்துப் பார்ப்பது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பில் நிரலுக்காக பிடிஎஃப் உருவாக்கும் லைப்ரரி ஒன்றை, ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துவிட்டு எடுத்தேன். தமிழில் அச்சிட்டபோது ‘கோ’ என்ற எழுத்தில் கொம்பு இருக்கவேண்டிய இடத்தில் இல்லாமல் ககரத்துக்குப் பின்னால் போய் நின்றது. எழுத்துருவை மாற்றி மாற்றிப் பார்த்து மூன்று நாள் வீணானது. குறை எழுத்துருவில் இல்லை. எழுத்துகளைக் கோத்து உருவம் கொடுக்கும் படிநிலையே அந்த லைப்ரரியில் இல்லை. குரோமும் ஃபயர்பாக்ஸும் இதற்கு ஹார்ஃப்பஸ் என்ற கருவியைப் பயன்படுத்துகின்றன. அதனால் பில்லை வலைப்பக்கமாக அமைத்து, பிரவுசர் வழியாகவே பிடிஎஃப் எடுப்பது பல நேரங்களில் போதுமானது. ‘நாகர்கோவில்’ என்பது நம் கண்ணுக்கு ஆறு எழுத்து, எழுத்துகளுக்கு எண் தரும் பொது முறையான யூனிகோடில் 11 குறியீடுகள், அவற்றைக் கோப்பில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 33 பைட்டுகள். பெயரைப் பத்து எழுத்தோடு வெட்டும் லைப்ரரி கடைசிப் புள்ளியைத் தின்றுவிட்டு ‘நாகர்கோவில’ என்று அச்சிடும். இந்த ஒரு சொல்லைச் சரியாகச் சேமித்து, தேடி, வெட்டி, அச்சிடும் லைப்ரரியிடம்தான் நான் மேற்கொண்டு பேசுவேன்.

கேள்வி: தோவாளைப் பூ வியாபாரிகளின் பெயர்ப் பட்டியலை நிரல் வழியாக அகரவரிசைப்படுத்தினேன். ‘லக்‌ஷ்மணன்’ போன்ற பெயர்கள் இடம் மாறி நிற்கின்றன. லைப்ரரியில் பிழையா?

பதில்: பிழை லைப்ரரியில் இல்லை, அகரவரிசை என்று நீங்கள் கேட்டது அதற்குப் புரியவில்லை. சாதாரண வரிசைப்படுத்தல் யூனிகோடு எண்களைத்தான் ஒப்பிடும். அந்த எண்வரிசையில் ‘ன’கரம் ‘ந’கரத்தை அடுத்தே வந்துவிடுகிறது, ‘ற’, ‘ள’, ‘ழ’ மூன்றும் ‘வ’வுக்கு முன்னால் நிற்கின்றன. புள்ளியின் எண் உயிர்மெய்க் குறிகளைவிடப் பெரியது என்பதால் ‘க்’ என்பது ‘கௌ’வுக்கும் பின்னால் போய்விடுகிறது. ஐசியு என்ற பொதுத் தொகுப்பிலும், ஜாவாஸ்கிரிப்டில் இன்ட்டில் (Intl) என்ற பெயரில் உள்ளமைந்த வசதியிலும் தமிழுக்கான வரிசைவிதி இருக்கிறது. மொழிக்குறியாக ‘டிஏ’ (ta) என்று கொடுத்தால் போதும். ஜாவாஸ்கிரிப்டில் புதிதாக எதையும் இறக்க வேண்டாம்.

கேள்வி: தக்கலையில் வசிக்கிறேன். குழந்தைகள் பள்ளிக்குச் செல்லத் தொடங்கிவிட்டதால் மீண்டும் வேலைக்குப் போக நினைக்கிறேன். திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் முயன்று பார்க்கலாம் என்று கணவர் சொல்கிறார். நாற்பதாயிரம் ரூபாய் கட்டணத்தில் ஒரு பயிற்சி நிலையம் அழைக்கிறது. இலவசமாகக் கற்க முடியாதா? தமிழில் ஏதாவது உண்டா?

பதில்: முடியும். கட்டணத்தை இப்போது கட்டாதீர்கள். ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் பாடங்கள் பலவற்றுக்குத் தமிழ் ஒலிப்பதிவு இருக்கிறது. பத்து நிமிட அளவிலான அவற்றைப் பார்த்தபடியே பக்கத்தில் தட்டிப் பழகலாம். கணினி நுட்பத்தைத் தமிழில் எழுதும் கணியம் தளம் வெளியிட்டுள்ள மின்னூல்களையும் விலையின்றிப் பெறலாம். ஆழமாகப் படிக்க, ஐஐடி பேராசிரியர்கள் இணையத்தில் நடத்தும் என்பிடெல் பாடங்கள் இருக்கின்றன. காணொளிகள் இலவசம், சான்றிதழ் வேண்டுமென்றால் தேர்வுக்கு மட்டும் கட்டணம். வலைப்பக்கத் தொழில்நுட்பத்துக்கு எம்டிஎன் என்ற இணையத்தளத்தின் ஆவணங்களும், பைத்தானுக்கு அதன் அதிகாரபூர்வப் பயிற்சிப் பகுதியும் என் மேசையில் எப்போதும் திறந்திருக்கும்.

எந்தப் பாடமானாலும் அது எந்தப் பதிப்புக்கு எழுதப்பட்டது என்பதை முதலில் பாருங்கள். 2020 ஜனவரி 1இல் ஆதரவு நிறுத்தப்பட்ட பைத்தான் 2க்கான பாடங்கள் இன்றும் தேடலில் வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஒரே நேரத்தில் மூன்று பாடத்திட்டங்களில் கால் வைக்காமல், ஒன்றை எடுத்து, இரண்டு மாதத்தில் உங்கள் வீட்டு வரவு செலவுக்கோ மகளிர் குழுவின் சேமிப்புக் கணக்கிற்கோ ஒரு நிரல் எழுதிப் பாருங்கள். அதன் பிறகும் பயிற்சி நிலையம் தேவை என்று தோன்றினால், நீங்கள் எழுதிய அந்த நிரலை எடுத்துச் சென்று, இதற்கு மேல் எனக்கு என்ன சொல்லித் தருவீர்கள் என்று கேளுங்கள். கிடைக்கும் பதிலை வைத்துக் கட்டணத்தை முடிவு செய்யலாம்.

கேள்வி: எந்த லைப்ரரி வேண்டும் என்று செயற்கை நுண்ணறிவிடமே கேட்டுவிட்டால் என்ன? (மார்த்தாண்டத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: கேளுங்கள், ஆனால் அது சொல்லும் பெயரை உடனே நிறுவிவிடாதீர்கள். இல்லாத லைப்ரரிக்குப் பொருத்தமாகத் தோன்றும் ஒரு பெயரை அது சில நேரங்களில் தானே உருவாக்கிச் சொல்லிவிடுகிறது. அப்படிப்பட்ட பெயர்களில் தீய நிரலைப் பதிந்து வைத்துக் காத்திருக்கும் ஆட்களும் இருக்கலாம். லைப்ரரியின் அதிகாரபூர்வ ஆவணத்துக்கு நீங்களே போய், அங்கே எழுதியிருக்கும் நிறுவும் கட்டளையைப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.