ஊதினால் ஸ்டார்ட் ஆகும் கருவியை மாட்டினால்தான் லைசென்ஸ் கிடைக்குமா?

கேள்வி: என் அண்ணன் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறார். போன மாதம் லீவு நாளில் சொந்தக் காரில் வந்தபோது போலீஸார் ஊதச் சொல்லிப் பிடித்துவிட்டார்கள். இதுதான் முதல் தடவை. லைசென்ஸை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். ஆர்டிஓ ஆபீஸ் வாசலில் ஒருவர், “புது ரூல் வந்திருக்கிறது, ஊதினால் மட்டும் ஸ்டார்ட் ஆகும் கருவியைக் காரில் மாட்டினால்தான் லைசென்ஸ் திரும்ப வரும், 35,000 ரூபாய் ஆகும்” என்கிறார். அட்வான்ஸ் கொடுக்கலாமா?
- வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள், அம்மா. அப்படிக் கட்டாயப்படுத்தும் பிரிவு நம் மோட்டார் வாகனச் சட்டத்தில் கிடையாது. அந்தக் கருவி இருப்பது உண்மைதான். அமெரிக்காவில் குடித்துவிட்டு ஓட்டிச் சிக்கியவர்களின் காரில் மாட்டச் சொல்கிறார்கள். நியூ மெக்சிகோ மாநிலம் 2005-லேயே முதல் தடவை சிக்கியவர்களுக்கும் அதைக் கட்டாயமாக்கியது. மூச்சில் மது தெரிந்தால் வண்டி கிளம்பாது, ஓடும்போதும் நடுநடுவே ஊதச் சொல்லும். அந்த ஊர் வீடியோ எதையாவது காட்டித்தான் இங்கே வசூல் நடக்கிறது. உழைக்கிறவர்களின் பயத்தில் காசு பார்க்கும் இந்தப் புரோக்கர்களை அலுவலக வாசலிலேயே உட்காரவிட்டிருப்பதை நினைத்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

நம் ஊரில் இந்தக் கேஸ் 185-ஆவது பிரிவில் வரும். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் குற்றம். முதல் தடவைக்கு 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இதை நீதிமன்றம்தான் முடிக்க வேண்டும். “ஸ்டேஷனிலேயே பேசி முடித்துத் தருகிறேன்” என்று வருகிறவரையும் அப்படியே திருப்பி அனுப்புங்கள்.

லைசென்ஸ் விஷயம் வேறு. அது ஆர்டிஓவுக்குப் போகும். அவர் உங்கள் அண்ணனை அழைத்து விசாரித்த பிறகு, முதல் தடவை என்றால் மூன்று மாதம் தகுதிநீக்கம் செய்யலாம், அதாவது வண்டி ஓட்டத் தடை போடலாம். இரண்டாம் தடவை என்றால் லைசென்ஸே ரத்தாகலாம். மூன்று மாதம் முடிந்தாலும் மறுபயிற்சி வகுப்பை முடித்தால்தான் கைக்கு வரும். வகுப்புக்குப் போகாமலே சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று அதே புரோக்கர் மறுபடி வருவார், நம்பாதீர்கள்.

அந்த ரசீதைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். வேறு பல கேஸ்களில் லைசென்ஸை வாங்கிக்கொண்டு தரும் சீட்டை வைத்து, அதில் போட்டிருக்கும் நாள் வரை ஓட்டலாம். டிரைவர்கள் எல்லாரும் அந்தப் பழக்கத்தில்தான் இருக்கிறார்கள். குடித்து ஓட்டிய கேஸில் அது செல்லாது. 206-ஆவது பிரிவின் 4-ஆவது உட்பிரிவில், லைசென்ஸ் திரும்பக் கைக்கு வரும்வரை அந்தச் சீட்டை வைத்து ஓட்டக் கூடாது என்று தெளிவாகவே இருக்கிறது. டிஜிலாக்கர் ஆப்பில் லைசென்ஸ் படம் இருக்கிறதே என்பதும் உதவாது. தகுதிநீக்க உத்தரவு வந்த பிறகும் ஓட்டிச் சிக்கினால் அது தனிக் குற்றம்: மூன்று மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். டிரெய்லரோடு எண்ணூர் நெடுஞ்சாலையில் விபத்து ஏதாவது ஆனால் இன்சூரன்ஸிலும் சிக்கல் வரும். இதையெல்லாம் ரசீதிலேயே தமிழில் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொடுக்க இவர்களுக்கு என்ன கஷ்டமோ தெரியவில்லை.

விசாரணை நோட்டீஸ் லைசென்ஸில் உள்ள முகவரிக்குத்தான் வரும். நம் பகுதியில் வாடகை வீடு மாறியவர்கள் முகவரியை மாற்றுவதில்லை. கடிதம் பழைய வீட்டுக்குப் போய், இவர் இல்லாமலே உத்தரவு வந்துவிடும். அதனால் லைசென்ஸ் நகல், ரசீது நகலோடு அண்ணனே ஆர்டிஓ ஆபீஸுக்கு நேரில் போய் இப்போதைய முகவரியை எழுதிக் கொடுத்து, தபால் பிரிவில் முத்திரை வாங்கிக்கொள்ளட்டும். விசாரணையன்று ஒன்றை எழுத்திலேயே கேட்கலாம். லைசென்ஸில் உள்ள எல்லா வகை வண்டிகளுக்கும் தடை போடவும், சில வகைகளுக்கு மட்டும் போடவும் ஆர்டிஓவுக்கு அதிகாரம் உண்டு. சிக்கியது கார், பிழைப்பு டிரெய்லர், இதுவே முதல் தடவை என்று குறிப்பிட்டு, டிரெய்லருக்குத் தடை வேண்டாம் என்று கேட்கட்டும். கிடைக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன். உத்தரவு பாதகமாக வந்தால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அதுவரை கம்பெனியில் உண்மையைச் சொல்லி யார்டுக்குள் வேறு வேலை கேட்கச் சொல்லுங்கள்.