ஸ்மியரில் எதுவும் தெரியவில்லை, கிட் டெஸ்டில் எர்லிச்சியா: எதை நம்புவது?

கேள்வி: எங்கள் 4 வயது லாப்ரடாருக்கு ஐந்து நாளாக 104 டிகிரி காய்ச்சல். சாப்பாட்டைத் தொடவில்லை, ஈறு வெளுத்திருக்கிறது. மூன்று வாரத்துக்கு முன் காதுக்குள்ளிருந்து உண்ணிகளைப் பிடுங்கினோம். ரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் 42,000, பி.சி.வி. (ரத்தத்தில் சிவப்பணுவின் சதவீதம்) 24. ஸ்மியர் (ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி நுண்ணோக்கியில் பார்ப்பது) ரிப்போர்ட்டில் ‘ரத்த ஒட்டுண்ணி காணப்படவில்லை’ என்று இருக்கிறது. கிட் டெஸ்டில் எர்லிச்சியா பாசிட்டிவ். நேற்று டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் தொடங்கினார்கள். இது போதுமா, இன்னும் பரிசோதனை வேண்டுமா?

பதில்: மருந்தை நிறுத்தாதீர்கள். ஆனால் பரிசோதனை இன்னும் முடியவில்லை. நீங்கள் அனுப்பிய எண்களில் எங்களை உறுத்துவது பிளேட்லெட் அல்ல, பி.சி.வி. 24.

பிளேட்லெட் குறைவது உண்ணி பரப்பும் எர்லிச்சியா, அனாப்ளாஸ்மா என்ற பாக்டீரியாக்கள், சிவப்பணுவுக்குள் வாழும் பேபேசியா என்ற ஒட்டுண்ணி ஆகிய மூன்றிலும் நடக்கும். அதை வைத்து எதையும் பிரித்துச் சொல்ல முடியாது. சிவப்பணுவின் கதை வேறு. நாய்க்கு பி.சி.வி. சாதாரணமாக 37 முதல் 55 வரை இருக்கும். புதிதாக வந்த எர்லிச்சியாவில் ரத்தசோகை பெரும்பாலும் லேசாகத்தான் இருக்கும். மூக்கிலோ மலத்திலோ ரத்தம் போகாமல், ஐந்து நாள் காய்ச்சலில் ஈறு வெளுத்து 24-க்கு இறங்கியிருந்தால், சிவப்பணு உள்ளுக்குள்ளேயே உடைகிறதா என்று பார்த்தாக வேண்டும். அதைச் செய்யக்கூடியது பேபேசியா. டாக்சிசைக்ளினை மட்டும் நம்பி அதை ஒழிக்க முடியாது.

‘கிட்டில்தான் எர்லிச்சியா வந்துவிட்டதே’ என்பீர்கள். வழக்கமான கிட் காட்டுவது கிருமியை அல்ல, அதற்கு எதிராக உடம்பு உருவாக்கிய எதிர்ப்பொருளை. அது மாதக்கணக்கில், சில நாய்களில் வருடக்கணக்கில் ரத்தத்தில் நிற்கும். போன வருடம் வந்து போன எர்லிச்சியாவும் இன்று கோடு காட்டும். மாறாக, தொற்று ஏற்பட்ட முதல் ஒன்றிரண்டு வாரத்தில் நோய் இருந்தும் கோடு வராமல் போகலாம். இன்னொன்று, எர்லிச்சியா, அனாப்ளாஸ்மா பார்க்கும் பல கிட்களில் பேபேசியாவுக்கு இடமே கிடையாது. கிட்டில் அது இல்லாததை ‘பேபேசியா இல்லை’ என்று படிப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. ஒரே உண்ணி இரண்டு தொற்றையும் தரலாம் என்பதால் இரண்டும் சேர்ந்து இருக்கவும் வாய்ப்பு உண்டு.

இனி ஸ்மியர். பாசிட்டிவ் வந்தால் நம்பலாம், நெகட்டிவ் வந்தால் அதை வைத்து எதையும் ஒதுக்கக் கூடாது. எர்லிச்சியா மோனோசைட் என்ற வெள்ளையணுவுக்குள் மல்பெரிப் பழம்போல் கொத்தாக இருக்கும். நோயுள்ள நாய்களிலும் மிகச் சிலவற்றில்தான் கண்ணில் படும். பேபேசியாவில் பெரிய வகை, சிறிய வகை என உண்டு. பெரிய பேபேசியா சிவப்பணுவுக்குள் பேரிக்காய் வடிவில், பல நேரம் ஜோடியாகத் தெரியும். சிறிய வகையான பேபேசியா கிப்சோனி மோதிரம்போல் 1 முதல் 3 மைக்ரான்தான். சிவப்பணுவின் மேல் உட்கார்ந்த பிளேட்லெட்டையும் சாயத் துகளையும் அதுவென்று எண்ணுவோர் உண்டு, அதுவே இருக்கும்போது தவறவிடுவோரும் உண்டு.

மறுபடி ஸ்மியர் போடுவதாக இருந்தால் இடத்தை மாற்றச் சொல்லுங்கள். காது மடல் ஓரத்தில் முடியை மழித்து, ஸ்பிரிட்டால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு ஊசியால் குத்தி எடுக்கும் துளியில், நரம்பு ரத்தத்தைவிடப் பெரிய பேபேசியா கிடைக்கும் வாய்ப்பு அதிகம். ரத்தசோகை நாயின் ரத்தம் தண்ணீராக ஓடும். துளியை இழுக்கும் ஸ்லைடைச் சற்று நிமிர்த்திப் பிடித்து இழுத்தால்தான் படலம் சரியாக விழும். ஈரக் காற்றில் மெதுவாகக் காய்ந்தால் சிவப்பணுவுக்குள் மினுமினுக்கும் புள்ளிகள் வந்து ஆளை ஏமாற்றும், எனவே விசிறிக் காயவைக்க வேண்டும். பார்ப்பவர் நடுப்பகுதியோடு நிறுத்தாமல், படலம் மெலிந்து முடியும் விளிம்பை ஆயில் இம்மர்ஷனில் (எண்ணெய்த் துளி வைத்துப் பார்க்கும் உயர் உருப்பெருக்கத்தில்) முழுக்க ஓட்ட வேண்டும். பெரிய பேபேசியா உள்ள அணுக்கள் அங்கேதான் ஒதுங்கும்.

பி.சி.வி. பார்க்க ரத்தத்தைச் சுழற்றிய குழாயைத் தூக்கி எறியாமல் இருந்தால் அதிலேயே இரண்டு வேலை ஆகும். சிவப்பணுத் தூணுக்கு மேலே வெள்ளையணு ஒரு மெல்லிய வெண்படலமாக நிற்கும். அந்தப் படலத்தில் போட்ட ஸ்மியரில் எர்லிச்சியாவையும், நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுவுக்குள் நீள்வட்டமாக இருக்கும் ஹெப்படோசூன் என்ற ஒட்டுண்ணியையும் தேடலாம். அதற்குச் சற்றுக் கீழே உள்ள சிவப்பணுவில் பேபேசியாவைத் தேடலாம். மேலே நிற்கும் பிளாஸ்மாவின் நிறத்தையும் கேளுங்கள்: சிவந்திருந்தால் ரத்த நாளத்துக்குள்ளேயே அணு உடைகிறது, அடர் மஞ்சள் என்றால் சிவப்பணு உடையும்போது உருவாகும் மஞ்சள் பொருளான பிலிருபின் ஏறியிருக்கிறது. சிறுநீர் காபி நிறத்தில் போனால் அதுவும் இதே பக்கம்தான் கை காட்டுகிறது.

பிளேட்லெட் 42,000 என்பதையும் ஒருமுறை கண்ணால் சரிபார்க்க வேண்டும். ரத்தம் எடுக்கும்போது தாமதமானால் பிளேட்லெட் கட்டிதட்டும், கருவி குறைவாக எண்ணிவிடும். ஆயில் இம்மர்ஷனில் ஒரு பார்வைப் பரப்பில் தெரியும் ஒரு பிளேட்லெட்டுக்குச் சுமார் 15,000 என்று வைத்துக்கொள்ளலாம். பரப்புக்கு மூன்று என்றால் உங்கள் எண் சரி. பத்துக்கு மேல் தெரிந்தாலோ, விளிம்பில் கொத்துக் கொத்தாக இருந்தாலோ அந்த எண்ணை விட்டுவிடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு சந்தேகத்தைத் தீர்ப்பது பி.சி.ஆர். தான். அது கிருமியின் மரபணுவையே தேடும், பேபேசியா எந்த வகை என்றும் சொல்லும். மருந்து தொடங்கும் முன் எடுத்த ரத்தம்தான் இதற்குச் சிறந்தது. உங்களுக்கு அந்த வாய்ப்பு இன்னும் போகவில்லை: முதல் நாள் எடுத்த ஈ.டி.டி.ஏ. (ரத்தம் உறையாமல் வைக்கும் பொருள்) குழாயில் மீதி ரத்தம் ஃபிரிட்ஜில் இருக்கிறதா என்று ஆய்வகத்தில் இன்றே கேளுங்கள். ஃப்ரீசரில் அல்ல, ஃபிரிட்ஜில். இல்லையென்றால் இன்றே புதிதாக எடுக்கலாம், ஒரு நாள் மருந்தில் எல்லாம் மறைந்துவிடாது. ஹெப்பாரின் குழாயில் எடுத்துவிட வேண்டாம், அது பி.சி.ஆரைக் கெடுக்கும். பி.சி.ஆரும் நெகட்டிவ் வந்து, இளம் சிவப்பணுக்களான ரெட்டிகுலோசைட் ஏறியிருந்தால், உடம்பே தன் சிவப்பணுவை அழிக்கும் நோயைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். அதற்கு ஸ்டீராய்டு தேவைப்படும். ஆனால் தொற்றைத் தேடாமலே ஸ்டீராய்டு தொடங்கினால் பேபேசியா கிளம்பிவிடும்.

ஏன் வகை வரை போக வேண்டும்? மருந்து அதைப் பொறுத்தே மாறுகிறது. எர்லிச்சியாவுக்கு டாக்சிசைக்ளின், நாளொன்றுக்குக் கிலோவுக்கு 10 மி.கி., 28 நாள். பெரிய பேபேசியாவுக்கு இமிடோகார்ப் ஊசி, 14 நாள் கழித்து இன்னொன்று. கிப்சோனிக்கு இமிடோகார்ப் சரியாக எடுபடாது. அட்டோவாக்குவோனும் அசித்ரோமைசினும் சேர்த்து 10 நாள் தருவார்கள்.

அதுவரை நாயே ஓரளவு பதில் சொல்லும். புது எர்லிச்சியாவாக இருந்தால் டாக்சிசைக்ளின் தொடங்கிய இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கி, நாய் சாப்பாட்டுத் தட்டுக்கு வரும். மூன்றாம் நாளும் 103-க்கு மேல் என்றால் பி.சி.ஆர். முடிவுக்குக் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். பி.சி.வி.யை நாளையே மறுபடி பார்க்க வேண்டும். 20-க்குக் கீழே போய் மூச்சு வாங்கினாலோ, ஈறு காகிதம்போல் வெளுத்தாலோ, மலம் கறுத்துப் போனாலோ ரத்தம் ஏற்றும் வசதியுள்ள இடத்துக்கு உடனே கொண்டுபோங்கள். காய்ச்சலுக்கென்று வீட்டில் இருக்கும் வலி மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். பிளேட்லெட் குறைந்த நாய்க்கு வயிற்றில் ரத்தக்கசிவு வரும்.

சிகிச்சை முடிந்ததும் குணமாகிவிட்டதா என்று பார்க்க அதே கிட்டைப் போடாதீர்கள், பல மாதம் பாசிட்டிவாகவே வரும். பிளேட்லெட்டும் பி.சி.வி.யும் ஏறி அங்கேயே நிற்கின்றனவா என்று பாருங்கள். கிப்சோனி உறுதியாகியிருந்தால், மருந்து முடிந்த 60-ஆம் நாளும் 90-ஆம் நாளும் பி.சி.ஆர். செய்து இரண்டும் நெகட்டிவ் என்று பார்த்த பிறகே கோப்பை மூடலாம். அதற்குமுன் அந்த நாயிடமிருந்து வேறு நாய்க்கு ரத்தம் எடுக்க விடாதீர்கள்.