எரிந்து விழும் பிள்ளைக்குள் மனச்சோர்வு இருக்கலாம்

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் திருநெல்வேலி. வேலைக்காக அட்லாண்டா வந்தேன். இங்கேயே பிறந்து வளர்ந்த கறுப்பின அமெரிக்கர் ஒருவரைத் திருமணம் செய்துகொண்டேன். மகனுக்கு 13 வயது, ஏழாம் வகுப்பு. இந்த வருடம் ஆளே மாறிவிட்டான். எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான். காலையில் வயிற்றுவலி, தலைவலி என்று பள்ளிக்குப் போக மறுக்கிறான். ராத்திரி தூங்குவதில்லை. ஆசைப்பட்டுச் சேர்ந்த பள்ளி பேண்டிலிருந்து விலகிவிட்டான். மரியாதை இல்லாமல் பேசினான் என்று இரண்டு முறை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். நேற்று நடந்த சண்டையில், "நான் இல்லாட்டி எல்லாருக்கும் நிம்மதி" என்றான். வெளியுலகம் இவனிடம் இரக்கம் காட்டாது, இப்போதே மனதைத் திடப்படுத்திக்கொள்ளட்டும் என்கிறார் கணவர். பாஸ்டரிடம் கூட்டிப்போ என்கிறார் மாமியார். டாக்டரிடம் போனால் "பிரச்சினைப் பையன்" என்று முத்திரை குத்திவிடுவார்களோ என்று எனக்குப் பயம். நிறத்தைப் பற்றி அவனிடம் எப்படிப் பேசுவதென்றும் தெரியவில்லை. ஊரிலிருந்து வீடியோ காலில் அம்மா, "வெயில்ல விளையாடாத ராசா, இன்னும் கறுத்துருவ" என்கிறார். அவன் எழுந்து போய்விடுகிறான். நான் எங்கிருந்து தொடங்குவது?

பதில்: "நான் இல்லாட்டி எல்லாருக்கும் நிம்மதி" என்றானே, அங்கிருந்து தொடங்குங்கள். கோபத்தில் வந்த வார்த்தையாக இருக்கலாம். இருந்தாலும் அப்படி நினைத்து விட்டுவிடக் கூடாது. இன்று ராத்திரியே, தனியாக இருக்கும்போது, சுற்றி வளைக்காமல் கேளுங்கள்: "நேத்து அப்படிச் சொன்னியே, சாகணும்னு நினைப்பு வருதா?" இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோமோ என்று எல்லாப் பெற்றோரும் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை என்பது ஆய்வுகளில் தெளிவாகத் தெரிந்த விஷயம். கேட்டபிறகு பிள்ளையின் முகத்தில் நிம்மதி வருவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அவன் "ஆமா" என்றால் அழாமல், அறிவுரை சொல்லாமல், "சொன்னதுக்கு நன்றிப்பா, நான் உன் கூடவே இருக்கேன்" என்று சொல்லுங்கள். எப்படி, எப்போது என்று ஏதாவது திட்டம் வைத்திருக்கிறானா என்றும் கேளுங்கள். இருக்கிறது என்றால் அவனைத் தனியே விடாமல் மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போய்விடுங்கள்.

வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. ஜார்ஜியாவில் பல வீடுகளில் இருக்கிறது. இருந்தால் இந்த வாரமே வீட்டைவிட்டு வெளியேற்றுங்கள். முடியாவிட்டால் தோட்டாவைத் தனியாகவும் துப்பாக்கியைத் தனியாகவும் பூட்டி, சாவி அவனுக்குத் தெரியாத இடத்தில் இருக்கட்டும். பாட்டி வீடு, மாமா வீடு என்று அவன் தங்கப் போகும் இடங்களிலும் இதைக் கேளுங்கள். கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும். மாத்திரை டப்பாக்களையும் பூட்டி வையுங்கள்.

தற்கொலை எண்ணத்தில் தவிப்பவர்களுக்கான உதவி எண் 988. எந்த நேரத்திலும் அழைக்கலாம், மெசேஜும் அனுப்பலாம். 2022 ஜூலையிலிருந்து அமெரிக்கா முழுக்க இயங்குகிறது. பிள்ளைக்காகப் பெற்றோரும் பேசலாம். போலீஸ் வந்துவிடுமோ என்று உங்கள் கணவர் தயங்கலாம். அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு, அதை லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் அங்கே வரும் அழைப்புகளில் மிகப் பெரும்பாலானவை பேச்சிலேயே தணிந்துவிடுகின்றன. நேரில் ஆள் தேவைப்பட்டால் மனநல ஊழியர்கள் கொண்ட நடமாடும் குழுவை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

இவ்வளவு அவசரமாகப் பேசக் காரணம் இருக்கிறது. தற்கொலை தங்கள் சமூகத்தின் பிரச்சினை இல்லை என்ற நம்பிக்கை கறுப்பினக் குடும்பங்களில் நெடுநாள் இருந்தது. மருத்துவர்களும் அதை நம்பினார்கள். 5 முதல் 12 வயது வரை உள்ளவர்களில், கறுப்பினப் பிள்ளைகள் தற்கொலையால் இறக்கும் விகிதம் வெள்ளையினப் பிள்ளைகளைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று 2018-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. மறு வருடம் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கறுப்பின உறுப்பினர்கள் இதற்கென்றே ஓர் அவசரக் குழு அமைத்து அறிக்கை வெளியிட்டார்கள்.

இனி அவனுடைய கோபத்துக்கு வருவோம். மனச்சோர்வு என்றதும் மூலையில் உட்கார்ந்து அழும் ஒருவரைத்தான் நாம் கற்பனை செய்கிறோம். பதின்ம வயதில் அது பல நேரம் எரிச்சலாகவும் வெளிப்படும். தூக்கம் கெடும், வயிறு வலிக்கும், பிடித்த விஷயங்கள் சலித்துப்போகும். நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகள் அத்தனையும் இதில் அடங்கும். பதற்றத்தாலும் இப்படி வரலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். நேரில் பார்க்காமல் நான் முடிவு சொல்ல முடியாது.

இதே அறிகுறிகளை ஒரு வெள்ளையினப் பையனிடம் பார்த்தால், "பாவம், என்ன ஆச்சோ" என்று கவுன்சிலரிடம் அனுப்புவார்கள். கறுப்பினப் பையன் என்றால் தண்டனை முதலில் வந்துவிடுகிறது. நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், எண்களும் அதைத்தான் சொல்கின்றன. 2017–18 கல்வியாண்டில் அமெரிக்க அரசு பாலர் பள்ளிகளில் படித்த பிள்ளைகளில் நூற்றுக்கு 18 பேர் கறுப்பினத்தவர். சஸ்பெண்ட் ஆனவர்களிலோ நூற்றுக்கு 43 பேர். எல்லாரும் மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள்! 2014-ல் வந்த இன்னொரு ஆய்வில், குற்றம் சாட்டப்பட்டதாகச் சொல்லிக் காட்டிய கறுப்பினச் சிறுவர்களின் வயதை, பார்த்தவர்கள் சராசரியாக நான்கு வயதுக்கும் மேல் கூட்டி மதிப்பிட்டார்கள். உங்கள் 13 வயதுப் பையனைச் சிலர் 17 வயது வாலிபனாகப் பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது அவன் முனகினாலும் மிரட்டுவதாகத் தெரியும். பெண்பிள்ளைகளுக்கும் இதே கதைதான். ஐந்து வயதிலிருந்தே "இவளுக்கு ஆறுதல் அவ்வளவு தேவைப்படாது" என்று பெரியவர்கள் எண்ணிவிடுவதை ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் 2017 அறிக்கை பதிவு செய்தது.

ஆகவே முத்திரை குத்திவிடுவார்களோ என்ற உங்கள் பயம் வீண் பயம் இல்லை. மனச்சோர்வு இருக்கும் இடத்தில் "எதிர்த்து நடக்கும் கோளாறு", "நடத்தைக் கோளாறு" என்று எழுதிவிடுவது கறுப்பினப் பிள்ளைகளுக்கு அதிகம் நடக்கிறது. அதற்காக டாக்டரையே தவிர்த்தால், பள்ளி ஏற்கெனவே எழுதிவைத்திருக்கும் "மரியாதை இல்லாதவன்" என்பதுதான் அவனைப் பற்றிய ஒரே பதிவாக நிற்கும்.

முதலில் அவனுடைய வழக்கமான குழந்தைநல மருத்துவரிடம் போங்கள். 12 முதல் 18 வயது வரை எல்லாருக்கும் மனச்சோர்வுப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது அமெரிக்காவில் ஏற்கப்பட்ட பரிந்துரை. அதனால் நீங்கள் விசேஷமாக எதையும் கேட்கவில்லை. ஒரு கேள்வித்தாள் கொடுப்பார்கள், அவனே நிரப்பலாம். அவனோடு தனியாகப் பேச டாக்டருக்கு நேரம் கொடுத்து நீங்கள் வெளியே உட்காருங்கள். வயிற்றுவலிக்கும் தூக்கமின்மைக்கும் உடல் காரணம் ஏதாவது உண்டா என்று அவரே பார்த்துவிடுவார். நடத்தைக் கோளாறு என்று யாராவது சொன்னால் அமைதியாக ஒன்று கேளுங்கள்: "மனச்சோர்வு, பதற்றம், பள்ளியில் அவமானப்படுவது, இதெல்லாம் இல்லை என்று எப்படி முடிவு செய்தீர்கள்?" நல்ல மருத்துவர் இந்தக் கேள்வியை வரவேற்பார்.

அப்புறம் தெரபிஸ்ட். கறுப்பினத்தவர் கிடைத்தால் நல்லது. தன் அனுபவத்தை முதலிலிருந்து விளக்கி, அது உண்மை என்று நிரூபிக்க வேண்டிய சுமை பிள்ளைக்குக் குறையும். ஆனால் நாடு முழுக்கப் பார்த்தால் உளவியலாளர்களில் கறுப்பினத்தவர் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான். அட்லாண்டாவில் இருப்பது உங்களுக்கு அனுகூலம். கறுப்பின மாணவர்கள் அதிகம் படிக்கும் மோர்ஹவுஸ் மருத்துவக் கல்லூரி அங்கேதான் இருக்கிறது. அங்கு பயின்ற மருத்துவர்களையும் விசாரியுங்கள். கறுப்பினத் தெரபிஸ்டுகளின் பட்டியல் இணையத்திலும் உண்டு. கிடைக்காவிட்டால் வேறு இனத்தவரிடமும் தாராளமாகப் போகலாம். முதல் போன் பேச்சிலேயே, "பள்ளியில் இனப்பாகுபாடு நடக்கிறது என்று என் மகன் சொன்னால் அதை எப்படிக் கையாள்வீர்கள்?" என்று கேளுங்கள். தடுமாறினாலோ, பேச்சை மாற்றினாலோ அடுத்தவரைத் தேடுங்கள். மூன்று நான்கு முறை போனபிறகும் மகனுக்கு ஒட்டவில்லை என்றால் மாற்றலாம், தப்பே இல்லை.

பள்ளி விஷயத்தில் வாய்ப்பேச்சோடு நின்றுவிடாதீர்கள். இரண்டு சஸ்பென்ஷனுக்கும் எழுத்து வடிவில் விவரம் கேளுங்கள்: அவன் சொன்ன சரியான வார்த்தை என்ன, அதற்கு முன் என்ன நடந்தது, அதே தவறுக்கு மற்றப் பிள்ளைகளுக்கு என்ன தண்டனை. "மரியாதைக் குறைவு" என்பது ஆசிரியரின் மனநிலையைப் பொறுத்து நீளும், குறுகும். பாகுபாடு நுழைவது இந்த மாதிரிக் குற்றச்சாட்டுகளில்தான். அத்துடன், படிப்பில் சிறப்பு உதவி தேவையா என்று மகனை முழுமையாக மதிப்பீடு செய்யக் கோரி தேதி போட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். அதைக் கேட்பது பெற்றோருக்குச் சட்டம் கொடுத்த உரிமை. பள்ளி ஒத்துக்கொண்டால், நீங்கள் சம்மதக் கையெழுத்துப் போட்டதிலிருந்து பொதுவாக 60 நாளுக்குள் முடிக்க வேண்டும். மனச்சோர்வு உறுதியானால் 504 திட்டம் கேட்கலாம். நோயோ குறைபாடோ உள்ள மாணவருக்குப் பள்ளி சட்டப்படி செய்து தர வேண்டிய ஏற்பாடு அது. வகுப்பில் மூச்சு முட்டும்போது கவுன்சிலர் அறைக்குப் போக அனுமதி, விட்டுப்போன பாடத்துக்குக் கூடுதல் நேரம் இப்படியான ஏற்பாடுகள் அதில் வரும். அப்படித் திட்டம் உள்ள பிள்ளையைத் தொடர்ந்து 10 பள்ளி நாட்களுக்கு மேல் வெளியே அனுப்ப வேண்டுமென்றால், அந்த நடத்தைக்கு அவனுடைய நோய் காரணமா என்று கூட்டம் போட்டுப் பார்த்தாக வேண்டும்.

கணவரோடு மோதாதீர்கள். அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. தப்பிப் பிழைத்து வளர்ந்த ஒருவர், பிழைத்த வழியைத்தான் மகனுக்குக் கொடுக்கப் பார்க்கிறார். மாமியாரின் தலைமுறை மருத்துவத்தை நம்பத் தயங்குவதற்கும் வரலாறு இருக்கிறது. பக்கத்து அலபாமாவில், டஸ்கீகியில், 1932 முதல் 1972 வரை நூற்றுக்கணக்கான கறுப்பின ஆண்களின் சிபிலிஸ் நோய்க்குச் சிகிச்சை தராமல் அரசு மருத்துவர்களே வேடிக்கை பார்த்தார்கள். மாமியார் அப்போதே பிறந்தவராக இருக்கலாம். "பாஸ்டரா, டாக்டரா" என்று பேச்சைக் கொண்டுபோகாதீர்கள். சர்ச் வேண்டும். அங்கே அவனைச் சின்ன வயதிலிருந்து தெரிந்த, அவன் பேரைச் சொல்லி விசாரிக்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். பல பிள்ளைகளைத் தாங்கிப்பிடிப்பது அதுதான். தெரபிஸ்டும் வேண்டும். பாஸ்டரையே உங்கள் பக்கம் சேர்த்துக்கொள்ள முடிந்தால் பாதி வேலை முடிந்தது. கணவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: 13 வயதில் அவருக்கு இப்படி நடந்ததா, அப்போது யார் கூட இருந்தார்கள்? அதை மகனிடம் சொல்லச் சொல்லுங்கள். அப்பா எப்படிச் சமாளித்தார் என்பதைவிட, அப்பாவுக்கும் வலித்தது என்று தெரிவது அந்தப் பையனுக்கு முக்கியம்.

நிறத்தைப் பற்றிப் பேசுவதை முழுக்கக் கணவரிடமே விட்டுவிடாதீர்கள். "அம்மாவுக்கு இது புரியாது" என்று மகன் முடிவுகட்டினால் பெரிய நஷ்டம். உங்களுக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பள்ளியில் நடந்ததை அவன் சொல்லும்போது, "டீச்சர் அந்த அர்த்தத்துல சொல்லியிருக்க மாட்டாங்க" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். முதலில் நம்புங்கள். "அது உனக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேளுங்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹோவர்ட் ஸ்டீவன்சன் இதற்கென்றே ஒரு பயிற்சி சொல்லித்தருகிறார். அவமானப்பட்ட அந்த நொடியில், எவ்வளவு கோபம் என்று பத்துக்கு ஒரு மதிப்பெண் போட வேண்டும். உடம்பில் எங்கே அதை உணர்கிறோம், நெஞ்சிலா வயிற்றிலா என்று கவனிக்க வேண்டும். மனதுக்குள் என்ன சொல்லிக்கொள்கிறோம் என்று கேட்டுப்பார்க்க வேண்டும். பிறகு மூச்சை இழுத்து, மெதுவாக விட வேண்டும். வீட்டில் மூன்று பேரும் சேர்ந்தே பழகலாம். உங்களுக்கும் அலுவலகத்தில் உதவும்.

போலீஸ் நிறுத்தினால் கையை எங்கே வைப்பது என்கிற பேச்சு இங்கே பல கறுப்பின வீடுகளில் நடக்கிறது, நடந்தாக வேண்டும். ஆனால் எச்சரிக்கை மட்டுமே கேட்டு வளரும் பிள்ளைக்கு உலகம் முழுக்க ஆபத்தாகத் தெரியும். பெருமையும் சேர்ந்து கிடைத்தால்தான் பிள்ளைகள் தெம்பாக இருக்கிறார்கள் என்று ஆய்வுகள் சொல்கின்றன. அவன் அப்பா குடும்பத்தின் கதைகள், அட்லாண்டாவிலிருக்கும் மார்ட்டின் லூதர் கிங் பிறந்த வீடு, உங்கள் தாத்தாவின் கதை, தாமிரபரணி, எல்லாமே அவனுடையவை.

உங்கள் அம்மாவிடம் நீங்கள்தான் பேச வேண்டும். பாசத்தில்தான் சொல்கிறார், தெரியும். ஆனால் பகலெல்லாம் நிறத்துக்காக முறைப்பு வாங்கிவிட்டு வரும் பையன், ராத்திரி சொந்த ஆச்சி வாயிலிருந்தும் அதையே கேட்கிறான். "அம்மா, இனிமே அவன் நிறத்தைப் பத்தி நல்லதாவோ கெட்டதாவோ எதுவும் சொல்லாதீங்க, டாக்டரே சொல்லிட்டாங்க" என்று என் பேரைப் போட்டே சொல்லுங்கள். இதுவரை அவர் பேசியதற்கு மகனிடம் நீங்கள் மன்னிப்புக் கேளுங்கள்: "ஆச்சி சொன்னது தப்பு. நான் அப்பவே தடுத்திருக்கணும்."

தூக்கத்துக்கு, இரவில் போன் அவன் அறைக்கு வெளியே இருக்கட்டும். அதைத் தண்டனையாகச் செய்யாமல், உங்கள் இருவர் போன்களையும் அதே இடத்தில் வையுங்கள். போலீஸ் வன்முறை வீடியோக்கள் இந்த வயதுப் பிள்ளைகளின் போனில் தானாக வந்து ஓடுகின்றன. என்ன பார்க்கிறான் என்று கண்டிக்கும் தொனி இல்லாமல் விசாரியுங்கள்.

பேண்டில் திரும்பச் சேரச் சொல்லி இப்போதைக்கு வற்புறுத்த வேண்டாம். ஆனால் ஏன் விலகினான் என்று கேளுங்கள். சோர்வினால் ஆர்வம் போயிருந்தால் சிகிச்சையோடு அது திரும்பி வரலாம். அங்கே யாராவது ஏதாவது சொல்லி, அதனால் விலகியிருந்தால், பள்ளிக்கு அனுப்பும் மின்னஞ்சலில் அதையும் எழுதுங்கள்.