அங்கன்வாடி முதல் பல்கலைக்கழகம் வரை உங்கள் கல்விப் பயணம் எப்படி இருந்தது?

அரசு எதையெல்லாம் புதிதாகத் தொடங்கியதோ, அதிலெல்லாம் நாங்கள்தான் முதல் போணி. 2007-ல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த யாரையாவது கேட்டுப் பாருங்கள், இதையேதான் சொல்வார்கள்.

ஊர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே. அப்பா, அம்மா இருவருக்கும் வயல் வேலை. சொந்தமாக நிலம் கிடையாது. 2004 ஜூலையில் கும்பகோணத்தில் ஒரு பள்ளி தீப்பற்றி 94 குழந்தைகள் இறந்தபோது எனக்கு மூன்று வயதுகூட ஆகவில்லை. எங்கள் அங்கன்வாடி வாசலிலும் கீற்றுப் பந்தல் ஒன்று இருந்ததாம். அதைப் பிரித்துப் போடும்வரை அம்மா என்னை அங்கே விடவில்லை. வேலைக்குப் போன இடத்துக்கெல்லாம் தூக்கிக்கொண்டு போய் வரப்பில் உட்கார வைத்தாராம். எனக்கு நினைவிருப்பது ஆயா உருட்டித் தரும் சத்துமாவு உருண்டை மட்டும்தான்.

ஒன்றாம் வகுப்பில் பெஞ்சு இல்லை, பாய். புத்தகத்துக்குப் பதில் அட்டைகள். செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுவதற்கும் வந்த வருடம் அது. அட்டையின் மூலையில் ஒரு சின்னம் இருக்கும். சுவரில் தொங்கும் ஏணிப் படத்தில் அந்தச் சின்னம் எந்தப் படியில் இருக்கிறது என்று தேடி, முடித்ததும் அடுத்த அட்டையை நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். சுவரின் கீழ்ப்பகுதியில், உட்கார்ந்தபடி எழுதும் உயரத்தில், கரும்பலகை. ஆளுக்கு ஒரு கட்டம். என் கட்டம் சன்னலுக்கு அடியில். மழைச்சாரல் அடித்தால் சாக்பீஸ் எழுதாது, வழுக்கும். இந்த முறையைத் திட்டியவர்கள் நிறையப் பேர். எனக்கு அது வசதியாக இருந்தது. நடவுக் காலத்தில் தம்பியைப் பார்த்துக்கொள்ள பத்து நாள் வீட்டில் நின்றுவிட்டுப் போனாலும், விட்ட அட்டையிலிருந்து தொடரலாம். வகுப்பு என்னை விட்டுவிட்டு ஓடியிருக்காது.

ஐந்தாம் வகுப்பில், எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே பாடத்திட்டம் என்ற சமச்சீர்க் கல்வி பற்றிய வழக்கு. ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை புத்தகமே இல்லாமல் பள்ளிக்குப் போனோம்; நான் அந்த இடைவெளியில் பல்லாங்குழியில் தேறினேன். ஆறாம் வகுப்பில் வருடப் பாடத்தை மூன்றாகப் பிரிக்கும் முப்பருவ முறை வந்து புத்தகப்பை இளைத்தது. பத்தாம் வகுப்பு வருடம், 2016-ல், வடகிழக்குப் பருவமழை பொய்த்து வயல் காய்ந்தது. அப்பா திருப்பூருக்குப் போனார். என் மதிப்பெண்ணை அவருக்குத் தொலைபேசியில்தான் சொன்னேன்.

பதினொன்றாம் வகுப்பில் இலவச சைக்கிளோடு இன்னொன்றும் கிடைத்தது: முதன்முதலாகப் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு. மொத்த மதிப்பெண் 1200 போய் 600 ஆனதும் அப்போதுதான். தனியார் பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தையே நடத்தாமல் தாண்டிப் போவதைத் தடுக்க என்றார்கள். மாணவர்கள் புலம்பினார்கள், நானும்தான். அடுத்த வருடமே, கல்லூரிச் சேர்க்கைக்கு அந்த மதிப்பெண் கணக்கில் வராது என்று அறிவித்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

பிளஸ் டூ படிக்கும்போது, 2018 நவம்பர் 16 விடியற்காலையில், கஜா புயல் கரையைக் கடந்தது. எங்கள் கூரை போன திசை இன்றுவரை தெரியாது. பள்ளிக்கூடம் முகாம் ஆனது. மின்சாரம் வரப் பல வாரம் ஆயிற்று. கணிதப் புத்தகத்தின் இரண்டாம் தொகுதி ஊறிப்போயிருந்தது. வெயிலில் காய வைத்ததில் மற்றப் பக்கங்கள் அப்பளமாகப் பிரிந்தன, 'தனிநிலைக் கணக்கியல்' மட்டும் கட்டியாக ஒட்டிக்கொண்டது. அந்தப் பாடத்தில்தான் குலம் என்ற கணிதக் கருத்து வரும். தோழியின் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, அரிக்கேன் வெளிச்சத்தில் அந்தப் பாடத்தை மட்டும் கையால் எழுதிக்கொண்டேன். அடைப்பு விதி, சேர்ப்பு விதி, சமனி விதி, எதிர்மறை விதி. எங்கள் பக்கத்தில் குலம் என்றால் யார் வீட்டுக்குள் யார் வரலாம் என்பது. புத்தகத்திலோ நான்கே விதி; அவற்றை நிறைவு செய்தால் எந்தக் கணமும், அதாவது எந்தத் தொகுப்பும், உள்ளே வரலாம். அன்றைக்கு எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

கணிதம் படிக்கத் திருவாரூர் திரு.வி.க. அரசு கலைக் கல்லூரிக்குப் போனேன். தினமும் பஸ். முதல் வாரம் முழுக்க ஆசிரியர் 'ஃபங்ஷன்' என்றே பேசிக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த ஃபங்ஷன் காதுகுத்தும் மஞ்சள் நீராட்டும்தான். அது நான் இரண்டு வருடம் படித்த 'சார்பு' என்று புரிந்தபோது வெட்கத்தைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. தெரிந்த கணக்கையே தெரியாதவளாக உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். அன்று மாலை ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஆங்கிலச் சொல். மேட்ரிக்ஸ் அணி, இன்டக்ரல் தொகையீடு, ரிங் வளையம், குரூப் குலம். தமிழ்வழியில் படித்து வருகிறவர்கள் கேட்டால் நான் சொல்லும் ஒரே யோசனை இந்த நோட்டுதான். ஆங்கிலம் பேசும் பயிற்சியெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாம் பருவத்தில் கொரோனா. ஒரே கைப்பேசி, அதிலும் தம்பிக்குப் பங்கு. 2021 தொடக்கத்தில் கல்லூரி மாணவர்களுக்கு அரசு தந்த தினம் இரண்டு ஜிபி டேட்டா சில மாதம் கைகொடுத்தது. கடைசி வருடம், பள்ளிப் பிள்ளைகளுக்கு வீட்டுப் பக்கத்திலேயே பாடம் சொல்லித் தரும் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலர் ஆனேன், மாதம் ஆயிரம் ரூபாய். எங்கள் திண்ணைச் சுவரின் கீழ்ப்பகுதியில் கறுப்பு பெயிண்ட் அடித்து ஆளுக்கொரு கட்டம் போட்டுக் கொடுத்தேன். எங்கே பார்த்தது என்று உங்களுக்குத் தெரியும்.

2022-ல் முதுநிலைப் படிப்புகளுக்கு க்யூட் என்ற மத்தியப் பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வு முதன்முறையாக நடந்தது. வேறு யார், நாங்கள்தான். நீலக்குடியில், வெட்டாற்றங்கரையில் இருக்கும் தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. கணிதம் கிடைத்தது. கூடப் படித்தவர்களில் மலையாளம் பேசுகிறவர்களும் இருந்தார்கள், தமிழ் எழுத்தே தெரியாதவர்களும் இருந்தார்கள். அம்மா ஒருமுறை பார்க்க வந்தார். விடுதியைச் சுற்றிக் காட்டினேன். வளாகத்தை அதிகம் கவனிக்கவில்லை. வேலிக்கு வெளியே வயலில் நாற்று வயது கடந்துவிட்டது என்று கவலைப்பட்டுக்கொண்டே போனார்.

அந்த நோட்டு இப்போது பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் இருக்கிறது. கணிதத்தில் சேர்ந்திருக்கிறாள், அவள் பள்ளியில் படித்தது புதிய பாடத்திட்டம், அதில் குலம் இல்லை. போன வாரம் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, குரூப்புக்கு நேராகக் குலம் என்று போட்டிருக்கிறீர்களே, அது ஏன்?"

திண்ணையில் உட்காரச் சொல்லி, சாக்பீஸை எடுத்து, அடைப்பு விதியிலிருந்து தொடங்கினேன்.